எழுதுவதற்கா, படிப்பதற்கா? கதை வார்ப்புகளும் செயற்கை நுண்ணறிவும்

1928ஆம் ஆண்டு கதைக்கலை பற்றி இரண்டு புத்தகங்கள் வெளிவந்தன. ஒன்று லெனின்கிராடில். விளாதிமிர் ப்ராப் என்ற ஆய்வாளர், அஃபனாசியெவ் திரட்டிய ருஷ்ய மாயக்கதைகளில் நூறை எடுத்துக்கொண்டு, பாத்திரங்களின் பெயர், ஊர், உடை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுச் செயல்களை மட்டும் வரிசைப்படுத்திப் பார்த்தார். வீட்டைவிட்டு ஒருவர் போகிறார், ஒரு தடை விதிக்கப்படுகிறது, தடை மீறப்படுகிறது, வில்லன் நுழைகிறான் என்று மொத்தம் 31 செயல்கள் தேறின. எல்லாக் கதையிலும் எல்லாமும் வராது. ஆனால் வருகிறவை அதே வரிசையில்தான் வரும் என்றார். மற்றது அமெரிக்காவில். மலிவுவிலை நாவல்களை எழுதிக் குவித்த வில்லியம் வாலஸ் குக் ‘ப்ளாட்டோ’ என்றொரு நூல் போட்டார். அதில் 1,462 சிக்கல்கள் எண்ணிட்டு அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் முன்னால் எது வரலாம், பின்னால் எது வரலாம் என்று வேறு எண்கள் குறிக்கப்பட்டிருக்கும். கதை நகராமல் தவிக்கிறவர் எண்ணைப் பிடித்துக்கொண்டே போனால் முடிவுக்கு வந்து சேரலாம்.

ப்ராப் எழுதியது படிக்கிறவருக்கு. குக் எழுதியது எழுதுகிறவருக்கு. இன்று ஒருவர் சாட்ஜிபிடியைத் திறந்து, “நாயகனின் பயணம் என்ற அமைப்பில் பன்னிரண்டு கட்டங்களோடு எனக்கு ஒரு நாவல் திட்டம் கொடு” என்று தட்டும்போது இந்த இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. படிப்பதற்காகப் பிறந்த கருவி, எழுதித் தருகிற கருவியின் கையில் போய்விடுகிறது. அதனால் கதைக்கு என்ன ஆகிறது என்பதுதான் இங்கே கேள்வி. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இத்தகைய கதை வார்ப்பும் செயற்கை நுண்ணறிவும் (ஏஐ) சேர்ந்து கதை எழுத உதவுவதைவிட, எழுதிய கதையைப் பரிசோதிக்க நன்றாக உதவும்.

நாம் இன்று விதிகளாக மதிக்கும் பெரும்பாலான வார்ப்புகள், எழுதி முடிந்த படைப்புகளைப் பார்த்துப் பின்னால் சொல்லப்பட்டவை. அரிஸ்டாட்டில் ‘கவிதையியல்’ எழுதியபோது சோஃபொக்ளிஸ் இறந்து பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன. தொடக்கம், நடு, முடிவு என்று அவர் சொன்னது பார்த்த நாடகங்களின் விவரணை. மூன்று அங்கம் என்று அவர் எங்கும் சொல்லவில்லை; அது பிற்காலத்தார் அவர்மேல் ஏற்றியது. ஜெர்மானியரான குஸ்தாவ் ஃப்ரைடாக் 1863இல் வரைந்த பிரமிடு கிரேக்க நாடகங்களையும் ஷேக்ஸ்பியரையும் ஷில்லரையும் விளக்க வந்தது. ஜோசஃப் கேம்ப்பெல் 1949இல் ‘ஆயிரம் முகம் கொண்ட நாயகன்’ நூலில் நாயகனின் பயணத்துக்கு 17 படிகளைச் சொன்னபோது புராணங்களை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். யாருக்கும் திரைக்கதை சொல்லித்தரவில்லை.

அவற்றைச் செய்முறையாக மாற்றியது ஹாலிவுட். 1979இல் சிட் ஃபீல்ட் மூன்று அங்கத்தைப் பக்கக் கணக்காக்கினார். 1985இல் டிஸ்னியில் வேலை பார்த்த கிறிஸ்டஃபர் வோக்ளர் கேம்ப்பெல்லை ஏழு பக்கக் குறிப்பாகச் சுருக்கினார். அதுவே பின்னர் பன்னிரண்டு கட்டங்கள் கொண்ட புத்தகமாயிற்று. 2005இல் பிளேக் ஸ்னைடர் ‘சேவ் த கேட்’ நூலில் 110 பக்கத் திரைக்கதையை 15 புள்ளிகளாகப் பிரித்தார். நாயகனின் வாழ்வைக் குலைக்கிற சம்பவம் 12ஆம் பக்கம், இரண்டாம் அங்கம் 25, நடுப்புள்ளி 55. நம் சினிமாக்காரர்களுக்கு இது புதிதல்ல. இன்டர்வெல் பிளாக் எங்கே விழவேண்டும் என்பதற்கு எந்தப் புத்தகமும் இல்லாமலே தமிழ் சினிமா தனக்கென்று ஒரு கணக்கு வைத்திருந்தது.

நம்மிடமும் படிக்கிறவர் கண்ட வார்ப்பு ஒன்று உண்டு. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார், நாடகத்துக்கு ஐந்து சந்திகளைச் சொல்கிறார்: முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல். வடமொழி நாட்டிய சாத்திரத்தின் ஐந்து சந்திகளோடு உறவுடையவைதான். ஆனால் அவர் விளக்கும் விதம் முழுக்க வயலில் நடக்கிறது. உழுது பண்படுத்திய நிலத்தில் விதை முளைப்பது முகம். முளை இலைவிட்டு எழுவது பிரதிமுகம். கதிர் கருக்கொள்வது கருப்பம். முற்றித் தலைசாய்வது விளைவு. அறுத்து, போரடித்து, தூற்றி, வீட்டுக்குக் கொண்டுபோய் உண்டு மகிழ்வது துய்த்தல். ஃப்ரைடாகின் பிரமிடில் உச்சிக்குப் பிறகு வீழ்ச்சி. இங்கே உச்சம் என்ற சொல்லே இல்லை. கடைசிக் கட்டம் சாப்பாடு! மோதல்தான் கதையின் உயிர் என்று சொல்லித்தரும் பட்டறைகளுக்கு இதை நான் சிபாரிசு செய்வேன். சீனக் கவிதையிலிருந்து வந்து ஜப்பானில் ‘கிஷோதென்கெத்சு’ என்று வழங்கும் நான்கு பகுதி அமைப்பும் இதே ரகம். அறிமுகம், வளர்ச்சி, எதிர்பாராத திருப்பம், இணைப்பு. சண்டை இல்லாமலே கதை நகரும்.

ஏஐயிடம் “கதை அமைப்பு” என்று மட்டும் கேட்டால் ஹாலிவுட் சரக்குதான் முதலில் வரும். காரணம் எளிது. சிட் ஃபீல்டையும் ஸ்னைடரையும் பற்றி ஆங்கிலத்தில் கொட்டிக்கிடக்கிறது. அடியார்க்குநல்லாரைப் பற்றி அந்த அளவு கிடையாது. ஐந்து சந்தி வேண்டுமென்றால் அதை நீங்களே விளக்கமாக எழுதிக் கொடுத்துத்தான் வேலை வாங்கவேண்டும்.

இயந்திரத்திடம் கதை கேட்கும் ஆசை பழையது. 1970களின் நடுவில் யேல் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் மீஹன் எழுதிய ‘டேல்-ஸ்பின்’ நிரல், பாத்திரங்களுக்கு ஓர் ஆசையைக் கொடுத்து, அதை அடைய அவை போடும் திட்டங்களைக் கதையாகச் சொல்லும். அதன் வெற்றிகளைவிடத் தோல்விகள்தான் பிரபலம். ஜோ என்ற கரடிக்குப் பசி. தேன் எங்கே என்று இர்விங் என்ற பறவையைக் கேட்கிறது. இந்த மரத்தில் தேன்கூடு இருக்கிறது என்கிறது பறவை. தேன்கூடு இருந்தால் தேன் இருக்கும் என்று நிரலுக்குத் தெரியாது. எனவே கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை என்று கரடி பறவையை அடிக்க வருகிறது. மீஹன் அந்த விவரத்தைச் சேர்த்துத் திருத்தினார். இம்முறை கரடி மரத்துக்குப் போய்க் கூட்டையே தின்றுவிட்டது. கதையின் எலும்பு சரியாக இருந்தது, உலகம் தெரியவில்லை.

2016இல் ஜப்பானில் ஹோஷி ஷினிச்சி விருதுப் போட்டியில் கணினி பங்கெடுத்து எழுதிய சிறுகதை முதல் சுற்றைத் தாண்டியது என்று உலகமெங்கும் செய்தி வந்தது. ஹகோதாதே எதிர்காலப் பல்கலைக்கழகக் குழுவினர் செய்தது. செய்தித் தலைப்புகளில் விட்டுப்போனது என்னவென்றால், கதைப்போக்கையும் பாத்திரங்களையும் மனிதர்களே வகுத்துக் கொடுத்திருந்தார்கள். அந்தச் சட்டத்துக்குள் வாக்கியங்களை அமைத்ததுதான் நிரலின் வேலை. 2022இல் டீப்மைண்ட் நிறுவனம் செய்த ‘டிராமட்ரான்’ அடுத்த படி. சினிமாக்காரர்கள் ஒன்லைன் என்பார்களே, அதை எழுத்தாளர் கொடுக்க வேண்டும். அதிலிருந்து பாத்திரங்கள், சீன் ஆர்டர், இடங்கள், கடைசியாக வசனம் என்று நிரல் படிப்படியாக இறங்கும். சீன் ஆர்டரைப் பழைய நாடக வார்ப்புகளின் அடிப்படையில் அமைக்கும். நாடக, சினிமாத் துறையினர் 15 பேரிடம் கொடுத்துப் பார்த்தார்கள். அதைக்கொண்டு எழுதியவை கனடாவின் எட்மண்டன் ஃப்ரிஞ்ச் விழாவில் மேடையும் ஏறின. பயன்படுத்தியவர்களில் பலர், யோசனை பிறக்கவும் கதையுலகத்தை விரிக்கவும் உதவும் என்றார்கள். வார்ப்புத்தனமாக, ஊகிக்கும்படி இருக்கிறது என்ற குறையும் வந்தது.

இப்போதைய பெரிய மொழி மாதிரிகளுக்குத் தேன்கூட்டில் தேன் இருக்கும் என்று தெரியும். மீஹனுக்கு இல்லாத உலகம் அவற்றிடம் உண்டு. ஆனாலும் குறை தீரவில்லை, இடம் மாறியிருக்கிறது. 2024இல் வந்த ஓர் ஆய்வு, மனிதர் எழுதிய கதைகளையும் மொழி மாதிரிகள் எழுதியவற்றையும் திருப்புமுனைகள், உணர்ச்சி ஏற்ற இறக்கம் ஆகியவற்றை வைத்து ஒப்பிட்டது. இயந்திரக் கதைகள் பெரும்பாலும் ஒரே மாதிரி நன்மையில் முடிகின்றன, பதற்றம் குறைவு, பெரிய பின்னடைவும் உச்சமும் சீக்கிரமே வந்துவிடுகின்றன. அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது: திருப்புமுனைகளை வெளிப்படையாக எடுத்துக் கொடுத்தால் கதை கணிசமாகத் தேறுகிறது. ஆக, வார்ப்பு இயந்திரத்துக்கு உதவுகிறது. இதை மறுக்க முடியாது, மறுக்கவும் வேண்டாம்.

எழுதுகிறவருக்கு உதவுகிறதா என்பது வேறு கேள்வி. அனில் தோஷி, ஆலிவர் ஹௌசர் இருவரும் 2024இல் ‘சயின்ஸ் அட்வான்சஸ்’ இதழில் வெளியிட்ட சோதனை இங்கே முக்கியம். சுமார் 300 பேரை எட்டு வாக்கியத்தில் ஒரு குட்டிக்கதை எழுதச் சொன்னார்கள். சிலருக்கு ஏஐயிடமிருந்து யோசனை பெற அனுமதி, சிலருக்கு இல்லை. யோசனை பெற்றவர்களின் கதைகளை வாசகர்கள் கூடுதலாக ரசித்தார்கள். இயல்பில் கற்பனை குறைவாக இருந்தவர்களுக்கே அதிக லாபம். ஆனால் யோசனை பெற்ற கதைகள் ஒன்றோடொன்று அதிகம் ஒத்திருந்தன. ஒவ்வொருவர் கதையும் தனித்தனியே முன்னேற, மொத்தக் கதைகளின் பன்மை சுருங்கியது. ஒரு வார இதழின் போட்டிக்கு வந்து குவியும் கதைகளைப் படிக்கும் உதவி ஆசிரியர் இதை எந்த ஆய்வும் இல்லாமலே சொல்லிவிடுவார்.

ஓர் உதாரணத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். கதைக்கரு இது: ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் நகரத்தில் மகன் வீட்டுக்குக் குடிவருகிறார். அவர் டிரங்குப் பெட்டியில் பழைய டிக்கெட் கட்டு ஒன்று இருக்கிறது. இதை நாயகனின் பயணம் வார்ப்போடு ஏஐயிடம் கொடுத்தால் என்ன வருமென்று சில மாதங்கள் அதோடு பழகிய எவரும் சொல்லிவிடலாம். மகனுக்கு ஐடி வேலை, அப்பாவோடு பேச நேரமில்லை. பழைய டிரைவரிடமிருந்து கடிதம்: அதுதான் அழைப்பு. பெரியவர் முதலில் மறுப்பார். டீக்கடைக்காரர் ஞானமாக இரண்டு வார்த்தை சொல்வார்: அவர்தான் குரு. ஆஸ்பத்திரி ஒன்று வரும்: அது படுகுழி. முடிவில் அப்பாவும் மகனும் அதே தடத்து பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில். கண்கள் கலங்கும். எந்தக் கட்டமும் விட்டுப்போகாது, எங்கும் பிசகில்லை, நினைவில் நிற்க ஒன்றும் இல்லை.

கண்டக்டர்களைத் தெரிந்தவருக்கு வேறொன்று தோன்றும். சில்லறை இல்லாதபோது டிக்கெட்டின் பின்புறம் பாக்கித் தொகையை எழுதிக் கொடுப்பார்கள். இறங்கும்போது கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். எத்தனை பேர் மறந்து இறங்கியிருப்பார்கள்? அந்தச் சில்லறை எங்கே போயிற்று? முப்பது வருட சர்வீஸில் அது எவ்வளவு சேர்ந்திருக்கும்? தெரிந்தே பேசாமல் இருந்த தடவைகள் எவை? கதை இருப்பது இங்கே. இந்த விவரத்தை நீங்களே எடுத்துக் கொடுத்தாலும் வார்ப்பு உடனே அதைப் பிராயச்சித்தமாக்கிவிடும். பெரியவர் பழைய பயணி ஒருத்தியைத் தேடிப்போய்ப் பணத்தைத் திருப்பித் தருவார். அவர் தரவே மாட்டார், அந்தக் காசில்தான் மகனுக்கு ஜியாமெட்ரி பாக்ஸ் வாங்கினார், மகனுக்கும் அது தெரியும், இருவரும் அதைப் பேசுவதில்லை என்று வைப்பதற்கு வார்ப்பில் இடமில்லை. எந்தப் புள்ளியில் எது நடக்கவேண்டும் என்று வார்ப்பு சொல்லும். எதைச் சொல்லாமல் விடவேண்டும் என்று அது சொல்லாது.

அசோகமித்திரனின் ‘புலிக்கலைஞன்’ கதையை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். சினிமா கம்பெனி ஒன்றின் கதை இலாகா அறை. வாய்ப்புக் கேட்டு ஒருவர் வருகிறார். புலி வேஷம் கட்டுகிறவர். அந்த அறையிலேயே புலியாக மாறிக் காட்டுகிறார். பிறகு அவருக்கு வாய்ப்பு இருப்பதாகக் கடிதம் போடுகிறார்கள். ஆள் இல்லை என்று திரும்பி வந்துவிடுகிறது. ஸ்னைடரின் 15 புள்ளிகளை வைத்து இதை எழுதச் சொன்னால் புலிக்கலைஞர்தான் நாயகன் ஆவார். அவர் போராடி ஜெயிப்பார் அல்லது உருக்கமாகத் தோற்பார். அசோகமித்திரன் கதையை அறையில் உட்கார்ந்திருந்தவரிடம் கொடுத்தார். ஆட்டத்துக்கு விரிவாக இடம் கொடுத்து, வாய்ப்பும் இழப்பும் சம்பந்தப்பட்ட பகுதியை விரைவாகக் கடந்தார். எங்கே நிற்பது, எங்கே ஓடுவது என்ற அந்தத் தேர்வுதான் கதை. அசோகமித்திரன் ஜெமினி ஸ்டுடியோவில் வேலை பார்த்தவர்; அந்தத் தேர்வு எங்கிருந்து வந்தது என்று விளக்க வேண்டியதில்லை.

தொடர்கதைக்காரர்களுக்குச் சிக்கல் வேறு. 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வந்த கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னை மூன்று அங்கத்தில் அடைக்க முயன்றால் மூச்சுத் திணறும். அதன் அலகு அங்கம் அல்ல, அத்தியாயம். அடுத்த வாரம் வரை வாசகரைக் காக்கவைப்பதே கணக்கு. இன்று பிரதிலிபி போன்ற தளங்களில் நாள்தோறும் அத்தியாயம் ஏற்றுகிறவர்கள் ஹாலிவுட் வார்ப்பை விட்டுவிட்டுக் கல்கியின் அத்தியாய முடிவுகளை வரிசையாகப் பட்டியல் போட்டுப் பார்த்தால் பலன் அதிகம். அந்தப் பட்டியல் போடும் வேலைக்கு ஏஐ நல்ல கூட்டாளி.

வார்ப்பும் ஏஐயும் உண்மையில் கைகொடுக்கும் இடம் இதுதான்: எழுதி முடித்ததைப் பரிசோதிப்பது. முதல் வரைவைத் தன்பாட்டுக்கு எழுதி முடித்துவிட்டு, பிறகு ஏஐயிடம் கொடுக்கவேண்டும். “எப்படி இருக்கிறது” என்று கேட்கக்கூடாது. அருமை என்றுதான் பதில் வரும். “பாராட்ட வேண்டாம், திருத்தமும் சொல்ல வேண்டாம், ஒவ்வொரு காட்சியிலும் யாருக்கு என்ன வேண்டியிருக்கிறது என்று ஒரு வரியில் எழுது” என்று கேட்கலாம். வாசகருக்கு எந்தத் தகவல் எந்தப் பக்கத்தில் தெரியவருகிறது? திரும்பிப்போக முடியாத முடிவை நாயகி எங்கே எடுக்கிறாள்? எந்தக் காட்சியை எடுத்துவிட்டாலும் அடுத்த காட்சி அப்படியே நிற்கிறது? ஐந்து சந்திகளின் விளக்கத்தைக் கொடுத்து, இந்த நாவலில் கருப்பம் எங்கே முடிகிறது என்றும் கேட்கலாம். பதில் தவறாக இருந்தாலும் நஷ்டமில்லை. இது ஏன் தவறு என்று உங்களுக்குள் ஒரு வாதம் எழுமே, அதற்குத்தான் கேட்கிறோம். சினிமாவில் கதை டிஸ்கஷனில் உட்காரும் உதவி இயக்குநர் சொல்லும் யோசனையை இயக்குநர் அப்படியே எடுப்பதில்லை. அதை மறுக்கும்போது தனக்கு என்ன வேண்டும் என்று கண்டுபிடிக்கிறார். ஒன்றை மட்டும் கவனிக்கவேண்டும்: நீண்ட நாவலைக் கொடுத்தால் இல்லாத காட்சியை இருப்பதாகச் சொல்லும். பக்கத்தைப் புரட்டிச் சரிபார்க்காமல் நம்பக்கூடாது.

தமிழில் வாக்கியத்தையும் ஏஐயிடம் ஒப்படைப்பது இரட்டை நஷ்டம். அதன் தமிழ் அறிவிப்புப் பலகைத் தமிழ். கோவில்பட்டிக்காரரும் யாழ்ப்பாணத்துக்காரரும் ஒரே நடையில் பேசுவார்கள். மருமகள் மாமியாரை அழைக்கும் விதத்தில் ஊரும் சாதியும் வயதும் தெரியவராது. வட்டார வழக்கு வேண்டும் என்று கேட்டால் நாலு சொல்லைத் தூவித் தரும். வாக்கியத்தின் நடை அதேதான்.

எழுதித் தருவது வேறு, எழுதியதற்குத் துணைநிற்பது வேறு என்ற பிரிவினையை நோக்கித்தான் சட்டமும் துறை விதிகளும் போகின்றன. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1994 திருத்தத்தின்படி, கணினி உருவாக்கிய படைப்புக்கு அதை உருவாக்கக் காரணமானவரே ஆசிரியர். மொழி மாதிரிகள் வருவதற்கு வெகுமுன்பே எழுதிய வரி அது. இப்போதைய சிக்கலுக்கு எப்படிப் பொருந்தும் என்பது நீதிமன்றங்கள் சொல்லவேண்டியது. அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2025 ஜனவரியில், கட்டளை கொடுத்தது மட்டும் ஒருவரை ஆசிரியராக்கிவிடாது என்று சொல்லியிருக்கிறது. 2023இல் ஹாலிவுட் எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு போட்ட ஒப்பந்தத்தில், ஏஐ எழுத்தாளராகக் கருதப்படாது என்பதும், ஏஐ எழுதியதைக் கையில் கொடுத்தால் நிறுவனம் அதைச் சொல்லியாகவேண்டும் என்பதும் இடம்பெற்றன. அதே ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்க அறிவியல் புனைகதை இதழான ‘கிளார்க்ஸ்வேர்ல்ட்’, ஏஐ கதைகள் நூற்றுக்கணக்கில் வந்து குவிந்ததால் கதை வாங்குவதையே கொஞ்சகாலம் நிறுத்திவைத்தது. செப்டம்பரில் அமேசானின் சுயபதிப்புத் தளம், ஏஐ உருவாக்கியதை அறிவிக்கவேண்டும், ஏஐ துணையோடு நீங்களே எழுதியதை அறிவிக்க வேண்டியதில்லை என்று விதி போட்டது.

நம் இதழ்களும் பதிப்பகங்களும் நடத்தும் சிறுகதைப் போட்டிகளில் ‘இது என் சொந்தக் கற்பனையே’ என்ற உறுதிமொழி வழக்கமாக இருக்கிறது. அது இனிப் போதாது. ஏஐ கூடாது என்று ஒரே வரியில் தடை போடுவதும் பலிக்காது. நிரூபிக்க வழியில்லை, உண்மை சொல்கிறவர் மட்டும் மாட்டுவார். கதைக்கரு, அமைப்பு, வாக்கியம், திருத்தம் இந்த நான்கில் எதற்கு உதவி பெற்றீர்கள் என்று விண்ணப்பத்திலேயே கேளுங்கள். திருத்தத்துக்கும் அமைப்பைச் சரிபார்க்கவும் பெற்ற உதவியை அனுமதியுங்கள். வாக்கியத்தை வாங்கியவரைப் போட்டியில் சேர்க்காதீர்கள்.